ரூபனின் ஞாயிற்றுக்கிழமை ஷோ

ஜனவரி 26, ஞாயிறு

காலையில் மாவு அரைத்துக்கொண்டிருந்தபோது பிரணவ் வந்தான். நல்ல செய்தி. என் கணவன் ரூபனின் காமெடி ஷோவை முழுசாகப் படம்பிடித்து வெளியிட ஓடிடி நிறுவனம் ஒப்புக்கொண்டுவிட்டது. இயக்கப்போவது ரூபனின் நண்பனான பிரணவ்தான். எழுநூறு பேர் உட்காரும் அரங்கம். பிப்ரவரி 16.

ரூபன் முதன்முதலாக மைக் பிடித்த மாடிக் காபிக்கடையில், காபி போடுகிறவரையும் சேர்த்து ஒரு டஜன் பேர்கூட இல்லை. அதில் நானும் ஒருத்தி. ஐடி கம்பெனி நாற்காலி கொடுத்த முதுகுவலியோடு என் பிசியோதெரபி கிளினிக்குக்கு வந்தவன், மூன்றாவது நாள் குப்புறப் படுத்தபடியே, "வெள்ளிக்கிழமை ஒரு இடத்துல காமெடி பண்றேன், வர்றீங்களா?" என்று கேட்டான். முதுகைத் தவிர அவனைப் பற்றி எனக்கு அப்போது ஒன்றும் தெரியாது. அன்று மேடையில்தான் தெரிந்தது, ரூபன் எலியாஸ் கிறிஸ்தவன் இல்லை, யூதன் என்பது.

அந்த முதல் ஜோக் இன்றும் ஷோவில் இருக்கிறது. வீடு தேடிப் போன கதை. "கிறிஸ்டியனா தம்பி?" "இல்லீங்க, யூதர்." "அது கிறிஸ்டியன்ல எந்தப் பிரிவு?" "அது வேறங்க. பன்னிக்கறி சாப்பிட மாட்டோம்." "ஓ, பாய் வீடா?" "இல்லீங்க. சனிக்கிழமை எங்களுக்கு விசேஷம்." "அட, பெருமாள் பக்தரா! அதை மொதல்லயே சொல்றதுக்கென்ன?" வீடு கிடைத்துவிட்டது. புரட்டாசி மாதம் பூரா வீட்டுக்காரம்மா துளசி கொடுத்தனுப்பினார்கள்.

மதியம் குழம்பு அடிப்பிடித்துவிட்டது. யாரும் கவலைப்படவில்லை.

ஜனவரி 28, செவ்வாய்

அப்பாவுக்கு இன்று அறுபத்தைந்து. தங்கை வாட்ஸ்அப்பில் படம் போட்டிருந்தாள், கேக் வெட்டுகிறார். படத்தைப் பார்த்தேன். கல்யாணத்துக்குப் பிறகு அப்பா என்னோடு பேசுவதில்லை. பிறகு கோயமுத்தூருக்கு, ரூபனின் அப்பாவான மாமாவுக்குப் போன் செய்தேன். காரணம் ஒன்றுமில்லை.

"என்ன கண்ணு, செவ்வாக்கெழமை கூப்பிடறே? வெள்ளிக்கெழமைதானே நம்ம நாளு?" என்றார்.

"சும்மாதான் மாமா."

"சும்மான்னா சரி. சாப்புட்டியா?"

ஷோ பற்றிச் சொன்னேன். மாமா ரூபனின் ஷோ ஒன்றைக்கூட நேரில் பார்த்ததில்லை. எப்போது கேட்டாலும் ஒரே பதில்: "வெள்ளிக்கெழமை பொழுதோடயும் சனிக்கெழமையும் ஷோ வெச்சா நா எப்புடி வர்றது? அது நமக்கு ஓய்வு நாளாச்சே." இன்று நான் சொன்னேன், "மாமா, இது ஞாயித்துக்கெழமை."

அந்தப் பக்கம் காலண்டர் தாள் புரளும் சத்தம் கேட்டது.

"ஞாயித்துக்கெழமையா?" என்றார்.

பிப்ரவரி 3, திங்கள்

மாமாவிடம் ஒரு விஷயம் பேசி முடித்தாயிற்று. இங்கேகூட எழுதப்போவதில்லை. ரூபன் இந்த நோட்டைத் திறக்க மாட்டான், இருந்தாலும்.

கிளினிக்கில் முழங்கால் கேஸ்கள் ஏழு.

பிப்ரவரி 11, செவ்வாய்

ரூபன் தூங்குவதில்லை. குளியலறையில் மாமா குரலில் பேசிப் பழகுகிறான். "ஏன்டா மோனே, சனங்க துட்டுக் குடுத்து வந்தா உன்னப் பாத்துச் சிரிக்கறாங்க? நம்மளப் பாத்து ஊரு ஓசிலயே சிரிச்சிருக்குமேடா." எறணாகுளத்தில் பிறந்து, வாலிபத்தில் கோயமுத்தூருக்கு வந்து, நாற்பது வருஷம் பம்ப்செட் விற்ற மனிதர். மலையாளமும் கொங்குத் தமிழும் அவர் வாயில் குழைந்து வரும். ரூபன் அதை அச்சாகப் பிடிப்பான். கதவுக்கு வெளியே நின்று கேட்டால் சில சமயம் நானே ஏமாந்துவிடுவேன்.

மாமா போன் செய்தார். டாக்டரிடம் போய்வந்தாராம். "தூரப் பயணம் இப்பத்திக்கு வேண்டாங்கறாரு கண்ணு. நெஞ்சுக்குள்ள இருக்கற பம்ப்புக்குக் கொஞ்சம் ஓய்வு வேணுமாம். நா பாக்காத பம்ப்பா? அவன்கிட்ட மூச்சு விடாதே." சரி என்றேன்.

அவனுக்கு நீல நிறச் சட்டை எடுத்தேன். காமிரா முன் வெள்ளை கூடாதாம்.

பிப்ரவரி 16, ஞாயிறு, காலை

மாமா ரயிலில் ஏறிவிட்டார். ஜன்னலோர இருக்கை. தயிர்சாதம் கட்டிக்கொண்டாராம். சாயங்காலம் சென்ட்ரலில் இறங்கி நேராக ஆட்டோவில் அரங்கத்துக்கு வருவார். "நீ ஸ்டேசனுக்கெல்லாம் வராதே, நா பம்ப்செட்டோட தமிழ்நாடு பூராச் சுத்துனவன்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ரூபனுக்கு ஒன்றும் தெரியாது.

பிப்ரவரி 17, திங்கள்

எழுத வரவில்லை.

பிப்ரவரி 18, செவ்வாய். கோயமுத்தூர்

மாமா வீட்டுத் தரையில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுதாவிட்டால் எது முதலில் நடந்தது, எது பிறகு நடந்தது என்பதே குழம்பிவிடும்.

அரங்கத்தில் எனக்கு இரண்டாவது வரிசையில் ஓரமாக இரண்டு இருக்கைகள். ஒன்றில் நான், மற்றதில் என் பை. ரயில் வந்துசேரும் நேரம் தாண்டிவிட்டது. மாமாவின் போன் அணைந்திருந்தது. சார்ஜ் தீர்ந்திருக்கும், ஆட்டோக்காரனிடம் பேரம் பேசிக்கொண்டிருப்பார் என்று நினைத்தேன். இரண்டு பேர் வந்து "சீட் காலியா?" என்று கேட்டார்கள். ஆள் வருகிறார் என்றேன்.

விளக்கு அணைந்தது. ரூபன் வந்தான்.

என்ன சொல்வது, அவ்வளவு நன்றாக அவன் ஒருநாளும் செய்ததில்லை. வீட்டுக்காரம்மா ஜோக்குக்கே அரங்கம் அதிர்ந்தது. பிறகு மாமா ஜோக்குகள். மாமா மட்டுமே.

"எங்கப்பா எதுக்கும் சிரிக்க மாட்டாருங்க. பம்ப்செட் ஏஜென்சி. தண்ணி வரலன்னு அழுதுட்டு வர்ற மூஞ்சிங்களையே பார்த்து வாழ்ந்தவரு. எங்கள்ல பத்து ஆம்பளைங்க கூடினாத்தான் முறையான பிரார்த்தனை. கோயமுத்தூர்ல மொத்தமே ரெண்டு யூதர். அவரும் நானும். நான் வேலை கெடச்சு மெட்ராஸ் கெளம்பினேன். எங்கப்பா பஸ் ஸ்டாண்டுல நின்னு சொல்றாரு, 'பாத்தியாடா, ஒரே நாள்ல பாதி ஜனத்தொகை ஊரக் காலி பண்ணிருச்சு.'"

சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் நீர் வந்தது. மாமா இதைக் கேட்காமல் போகிறாரே, இன்னும் ஐந்து நிமிஷத்தில் வந்துவிட்டால்கூடப் போதும் என்று வாசலை வாசலைப் பார்த்தேன். "எனக்கு ஒண்ணுன்னா பத்துப் பேருக்கு எங்கடா போவே?" என்று மாமா குரலில் ரூபன் கேட்டபோது அரங்கமே கை தட்டியது. நானும் தட்டினேன். அதை எழுதத்தான் வேண்டும். நானும் தட்டினேன்.

முடிந்ததும் எல்லோரும் எழுந்து நின்றார்கள். மாமா பாதியிலேயே எங்கோ மாட்டிக்கொண்டார் என்று சொல்வதற்காக மேடைக்குப் பின்னால் ஓடினேன். ரூபன் ஒரு ஸ்பீக்கர் பெட்டிமேல் உட்கார்ந்து, சட்டைக்குள்ளிருந்த மைக் ஒயரைப் பிரித்துக்கொண்டிருந்தான்.

"ரூபா, உன்கிட்ட ஒண்ணு..."

"அப்பா இறந்துட்டாரு மங்கை."

"என்னது?"

"ரயில்லயே. தூங்கற மாதிரி இருந்திருக்காரு. பக்கத்துல இருந்தவங்க எழுப்பிப் பார்த்திருக்காங்க. நடுவுல ஒரு ஸ்டேஷன்ல இறக்கி வெச்சிருக்காங்க. சட்டைப் பையில என் விசிட்டிங் கார்டு இருந்துச்சாம்."

"எப்போ? இப்பவா போன் வந்துச்சு?"

அவன் ஒயரைச் சுருட்டினான். பூங்கொத்தோடு வந்து நின்ற பிரணவுக்கு ஒன்றும் புரியவில்லை. "மேக்கப்புக்கு முன்னாடி வந்த அந்தப் போனாண்ணா? ரயில்வே போலீஸ்னு சொன்னீங்களே..." என்றவன், பூங்கொத்தைக் கீழே வைத்துவிட்டான்.

ரூபனுக்குத் தெரியும். மேடை ஏறுவதற்கு முன்பே தெரியும். தெரிந்துகொண்டே முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டான், தெரிந்துகொண்டே அந்தக் குரலில் பேசினான்.

பிறகு நடந்ததெல்லாம் யாருக்கோ நடந்த மாதிரி இருக்கிறது. அந்த ஸ்டேஷனின் பெயரை எழுதப் பிடிக்கவில்லை. ரூபன் உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டான். நான் காரில் உட்கார்ந்து எறணாகுளத்து உறவினர்களுக்குப் போன் செய்தேன். தாமதிக்காமல் அடக்கம் செய்ய வேண்டும் என்பது அவர்கள் முறை. மறுநாள் மதியம் எறணாகுளம். பழைய கல்லறைத் தோட்டம், முழங்கால் உயரப் புல். துக்கத்தின் அடையாளமாக ரூபனின் சட்டையை நெஞ்சருகே கிழித்தார்கள். அந்த நீலச் சட்டையைத்தான் அவன் இன்னும் போட்டிருந்தான்.

ரூபனையும் சேர்த்து ஏழு ஆண்கள்தான் இருந்தார்கள். அதில் இரண்டு பேர் கொச்சியைச் சுற்றிப் பார்க்க வந்த வெளிநாட்டு யூதர்கள். விவரம் கேட்டு உதவிக்கு வந்தவர்கள். நான் பெண்களையும் சேர்த்து ஒன்பது என்று எண்ணினேன். பெண்களை எண்ணுவதில்லை என்றார்கள். அத்தை முறையான ஒரு கிழவியும் நானும் தள்ளி நின்றோம்.

பெரியவர் சைமன் அங்கிள் ரூபனின் தோளைத் தொட்டார். மாமாவின் ஒன்றுவிட்ட அண்ணன். "பத்தாள் இல்லா, மோனே. மகன் சொல்லேண்டிய பிரார்த்தனை சொல்லான் பற்றில்லா." பத்து ஆண்கள் இல்லாமல் அதைச் சொல்ல முடியாதாம்.

"நான் சொல்றேன் அங்கிள்."

"முறையில்லா."

"தெரியும்."

ரூபன் சொன்னான். தனியாக. எனக்குப் புரியாத மொழி. அவனுக்கும் பாதிதான் புரியும். நடுவில் நிறுத்தும் இடத்தில் மற்றவர்கள் ஆமென் சொல்ல வேண்டுமாம். யாரும் சொல்லவில்லை. அடுத்த இடத்திலும் நிறுத்தினான். சைமன் அங்கிள் தரையைப் பார்த்துக்கொண்டே, "ஆமென்" என்றார். பிறகு எல்லோரும் சொன்னார்கள்.

நான் அழவில்லை. ஏற்பாடுகள் நிறைய இருந்தன.

பிப்ரவரி 20, வியாழன்

ஏழு நாள் வீட்டைவிட்டு வெளியே போகாமல் தரையில் உட்கார்ந்திருக்க வேண்டும். பக்கத்து வீட்டு லோகநாயகி அக்கா மூன்று வேளையும் சாப்பாடு கொண்டுவருகிறார். "இந்த ஊட்டுல அடுப்பு எரியக் கூடாது சாமி, நா இருக்கறேன்" என்கிறார். அது எந்த மதத்து வழக்கம் என்று நான் கேட்கவில்லை.

யாரும் இல்லாதபோது ரூபனைக் கேட்டேன்.

"எப்படிடா முடிஞ்சுது உன்னால?"

அவன் சொன்னான். "போன வெச்சதும் கெளம்பிடலாம்னுதான் எழுந்தேன். திரைச்சீலை வழியாப் பார்த்தா எழுநூறு பேரு. அவங்க யாருக்குமே அப்பா சாகல. எனக்கு மட்டுந்தான். நான் மேடையேறி அவரைப் பேச வெச்சா அந்த ஒரு மணி நேரமாவது இருப்பாருன்னு தோணுச்சு. எறங்கினதும் செத்துடுவாருன்னு தெரியும். எறங்கவே பயமா இருந்துச்சு."

"நான்? நானும் அந்த எழுநூறுல ஒருத்தியா? நான் உனக்குப் பொண்டாட்டியா, ஆடியன்ஸா?"

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். "நீ பக்கத்து சீட்ல பைய வெச்சிருந்தே. யாரையும் உக்கார விடல. மேடைலேர்ந்து பார்த்தேன். அவரு எதுக்கு ரயிலேறினாருன்னு அப்பத்தான் எனக்குப் புரிஞ்சுது."

வாசலில் யாரோ செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. எழுந்துபோய்க் கதவைத் திறந்தேன்.

பிப்ரவரி 21, வெள்ளி

மாமாவின் வேட்டிகள் இரண்டு கொடியில் கிடக்கின்றன. கிளம்பும் முன் அவரே துவைத்துப் போட்டவை. எடுத்து மடித்தேன். பீரோவில் வைக்க வேண்டும். இன்னும் மடியில்தான் இருக்கின்றன.

பொழுது சாய்ந்ததும் போன் ஒருமுறை அடித்தது. பாய்ந்து எடுத்தேன். ஏதோ வங்கிக் கடன் விளம்பரம்.

பிப்ரவரி 23, ஞாயிறு

ஏழு நாள் முடிந்தது. துக்கம் விசாரிக்க மாமாவின் டாக்டர் ரூபனுக்குப் போன் செய்தார். ரூபன் பேசியது இரண்டு வார்த்தை. மீதி நேரம் கேட்டுக்கொண்டிருந்தான். போனை வைத்துவிட்டு நேராக அடுக்களைக்கு வந்தான்.

"தூரப் பயணம் வேண்டாம்னு சொல்லியிருந்தாராம். உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"ஆமா."

அவன் கத்துவான் என்று நினைத்தேன். கத்தவில்லை. லோகநாயகி அக்காவின் தூக்குப் பாத்திரத்தைக் கழுவி, துடைத்து, மூடிபோட்டு வைத்தான். மிக மெதுவாகச் செய்தான்.

மார்ச் 9, ஞாயிறு. சென்னை

ரூபன் ஹாலில் படுக்கிறான். முதுகுவலி, கெட்டித் தரைதான் ஒத்துக்கொள்கிறது என்கிறான். அவன் முதுகைப் பற்றி எனக்குத் தெரியாதா?

பிரணவ் வந்தான். நிறுவனத்துக்கு விஷயம் எட்டிவிட்டது. விளம்பரத்தில், "தந்தை இறந்த செய்தி கேட்ட பிறகு அவர் செய்த ஷோ" என்று போட ஆசைப்படுகிறார்களாம். சொல்லும்போது பிரணவ் கண் கலங்கினான். அவனுக்கும் இந்த யோசனை பிடித்திருந்தது என்பதும் முகத்தில் தெரிந்தது. எனக்கு உடம்பு கூசியது.

ரூபன் என்னைப் பார்த்தான். இரண்டு வாரத்தில் முதல் முறை. "நீ சொல்லு மங்கை. போடலாமா, வேண்டாமா? விளம்பரத்தக் கேக்கல. ஷோவையே."

"எங்கிட்ட ஏன் கேக்கறே?"

"அவரு உனக்கும்..." என்று ஆரம்பித்தவன் முடிக்கவில்லை.

பிரணவுக்குக் காபி போடப் போனேன். பால் பொங்கி வழிந்தது. அடுப்பைத் துடைத்துவிட்டு வந்து சொன்னேன்: "போடுங்க. மாமா செத்தாருன்னு ஒரு வார்த்தை வரக் கூடாது. அதுல அவரு உயிரோடதான் இருக்காரு."

பிரணவ் தலையாட்டினான். ரூபன் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டான். அவன் தோள் குலுங்குவது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. அடக்கத்தில்கூட அவன் அழவில்லை.

ஏப்ரல் 11, வெள்ளி

வெளியாகிவிட்டது. நான் பார்க்கவில்லை. அடுத்த அறையிலிருந்து எழுநூறு பேர் சிரிக்கும் சத்தம் வந்தது. அதில் என் சிரிப்பும் இருக்கும்.

ஏப்ரல் 13, ஞாயிறு

லட்சக்கணக்கில் பார்த்திருக்கிறார்கள். மேலும் மூன்று ஊர்களில் மேடை கேட்கிறார்கள். யூடியூபில் போட்ட துணுக்குக்குக் கீழே வந்த கருத்துகளை ரூபன் படிப்பதில்லை, நான் படித்தேன். கிளினிக்கில், நோயாளிகள் இல்லாத நேரத்தில்.

முதலிலேயே ஒன்று: "அப்பா கேரக்டர் வேற லெவல் ப்ரோ. அடுத்த ஷோவுக்கு அவரை ஒருநாள் மேடைக்குக் கூட்டிட்டு வாங்க." அதற்குக் கீழே நாலாயிரம் பேர் விருப்பக்குறி போட்டிருந்தார்கள்.

அதைப் படித்துவிட்டு எவ்வளவு நேரம் அப்படியே நின்றேன் என்று தெரியவில்லை. கையிலிருந்த மசாஜ் எண்ணெய் பாட்டில் சரிந்து செருப்பெல்லாம் எண்ணெயாகிவிட்டது.

ஏப்ரல் 20, ஞாயிறு

காலையில் ரூபன் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தான். நான் சாதம் வைத்துக்கொண்டிருந்தேன். அவன் அடுக்களைக்குள் வருவதே பல நாட்களுக்குப் பிறகு.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லல" என்றான்.

இன்னும் என்ன இருக்கிறது?

"அன்னிக்கு அந்த ஸ்டேஷன்ல. நீ வண்டில இருந்தே. உள்ள ரயில்வே போலீஸ் ரைட்டர் ஒருத்தரு உக்காந்து எழுதிட்டிருந்தாரு. என்னை நிமிர்ந்துகூடப் பாக்கல. இங்க கையெழுத்து, அங்க கையெழுத்துன்னு வாங்கினாரு. எல்லாம் முடிஞ்சப்புறந்தான் மூஞ்சியப் பார்த்தாரு. பார்த்ததும் அப்படியே மலர்ந்துட்டாரு. 'சார், நீங்க அந்த யூதர் காமெடி பண்றவருதானே? வீட்டுல எல்லாரும் உங்க ஃபேன் சார். அதுலயும் உங்கப்பா ஜோக்கு இருக்கே...'"

கத்தி நின்றுவிட்டது.

"'அப்பா நல்லாருக்காரா சார்?'ன்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்னே?"

"என்ன சொல்றது? 'உள்ளதாங்க இருக்காரு. இப்பத்தான் அவருக்குக் கையெழுத்துப் போட்டேன்'னேன்."

"ஐயோ!"

"பேனாவக் கீழ போட்டுட்டாரு. எழுந்து நின்னு சல்யூட் அடிச்சாரு. எனக்கா, அப்பாவுக்கா, யாருக்குன்னு அவருக்கே தெரியல. அடிச்ச கைய எறக்கவும் தெரியல. அப்படியே நிக்கறாரு."

வாயைப் பொத்திக்கொண்டேன். நிற்கவில்லை. விரலிடுக்கு வழியாகச் சிரிப்பு பீறிட்டு வந்தது. வயிறு வலித்து அடுக்களைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பாவப்பட்ட மனிதர், நெற்றியில் கையோடு. மாமா இருந்து இதைக் கேட்டிருந்தால் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழாமல், "அப்பறம் எப்பத்தான் கைய எறக்குனான்?" என்றிருப்பார். அதை நான் சத்தமாகச் சொல்லியும்விட்டேன், அவர் குரலிலேயே சொல்லப் பார்த்தேன். வரவில்லை. நடுவில் எப்போது அது அழுகையாக மாறியது என்று எனக்குத் தெரியாது. இரண்டு மாதமாக வராதது அத்தனையும் வந்தது.

ரூபன் கத்தியை வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"மேடைல சொல்லப்போறியா இத?" என்று கேட்டேன், மூக்கைத் துடைத்துக்கொண்டு.

"தெரியல. மொதல்ல உங்கிட்ட சொல்லணும்னு இருந்துச்சு."

குக்கர் விசில் அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. சாதம் குழைந்து கஞ்சியாகிவிட்டது. பீன்ஸில் உப்புப் போட மறந்திருக்கிறேன். இருவரும் அப்படியே பிசைந்து சாப்பிட்டோம்.